மனக்களைப்பும் ஜப்பானியர் உணவும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



உடம்பு களைத்தால் உட்காருகிறோம். மனம் களைத்தால்? சோதனை நெருங்கிவிட்டால் பிள்ளைக்குக் கடுங்கோப்பி கொடுத்து நடுச்சாமம் வரை படிக்கச் சொல்கிறோம். கடும் உழைப்புக்குப் பேர்போன ஜப்பானியர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்போமா?

அவர்களுடைய பழைய முறைச் சாப்பாடு எளிமையானது. சோறு, சூப்பு, மீன், காய்கறி, ஊறுகாய், அவ்வளவுதான். சூப்பில் கரைப்பது மீசோ. சோயா அவரையை வேகவைத்து, உப்பும் பூஞ்சணம் பிடிக்கவைத்த அரிசியும் கலந்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். நம்ம தோசை மாவும் புளிக்கிறதுதானே! குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. அதனால் புளித்த உணவு மனத்துக்கும் உதவுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். மீசோவில் உப்பு அதிகம், அளவு வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி மீன்களின் கொழுப்பு மூளைக்குத் தேவையானது.

பிறகு பச்சைத் தேநீர். கேமரன் மலையில் வளரும் அதே தேயிலை இனம்தான். 1211-இல் எய்சாய் என்ற புத்தத் துறவி தேநீரின் நலன்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1949-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த இலையில் தியனைன் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். வெயில் பட்டால் அது குறையும். ஆகவே உயர்ந்த ரகத் தேயிலைக்குப் பறிப்பதற்குமுன் சுமார் 3 வாரம் பந்தல் போட்டு நிழல் கொடுக்கிறார்கள். தேநீரிலுள்ள காஃபீன் விழிப்பைத் தரும். தியனைன் படபடப்பைத் தணிக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் ஒன்று கேளுங்கள். இவ்வளவும் சாப்பிடுகிற அந்த நாட்டில்தான் அளவுக்கு மீறி வேலை செய்து செத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவுக்குக் 'கரோஷி' என்று தனிப்பெயரே உண்டு. அதைத் தடுக்க 2014-இல் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓய்வுக்கு ஈடாக எந்த உணவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெற்றோர்களே, ஜப்பானியச் சாமான் தேடிக் கடைக்கு அலைய வேண்டாம். பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் பிள்ளைக்குக் காலையில் வயிறாரக் கொடுங்கள். மீனும் கீரையும் தட்டில் இருக்கட்டும். இரவில் கோப்பியும் தேநீரும் வேண்டாம். நேரத்தோடு விளக்கை அணையுங்கள். தூங்கி எழுந்த மூளைதான் படித்ததைப் பிடித்து வைக்கும்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளையை வீட்டுக்குப் போய் ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாய் சோறு ஊட்டுங்கள். அந்தப் பிஞ்சு மனத்தின் களைப்புக்கு முதல் மருந்து அதுதான்.