திரையில் கண்ட தன் முகம்



ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைத் திரைப்படமாகக் காணும்போது நாம் நெடுநேரம் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. சிறிது பொழுதிற்குள் அவருடைய இடத்தில் நாம் நின்றுவிடுகின்றோம். அவருக்கு நேர்ந்த பழி நமக்கு நேர்ந்த பழியாகின்றது. அவர் பெற்ற பரிசு நம் கைக்கு வந்தது போல் மகிழ்கின்றோம். அவர் ஓர் எழுத்தாளராகவும் மனத்துயரில் உழன்றவராகவும் இருந்தால், எழுத்தில் ஆசை கொண்ட இளைஞர்க்கு இந்த உறவு இன்னும் இறுகிவிடும். இவ்வாறு ஒன்றிப்போவதில் நன்மை எது, இடர் எது என்பதை ஒரு படத்தைக் கொண்டு எண்ணிப் பார்ப்பதே என் பேச்சின் நோக்கம்.

அப்படத்தின் பெயர் 'ஆன் ஏஞ்சல் அட் மை டேபிள்'. 'என் மேசையருகே ஒரு தேவதை' என்று தமிழிற் சொல்லலாம். நியூசிலாந்து நாட்டு ஜேன் காம்பியன் அம்மையார் இயக்க, 1990 ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நாட்டின் சிறந்த எழுத்தாளர்களுள் ஒருவரான ஜேனட் ஃப்ரேம் மூன்று நூல்களாக எழுதிய தன் வரலாறே அதற்கு மூலம். சிறுமியாக ஒருவரும், கன்னிப் பருவத்தில் ஒருவரும், வளர்ந்தபின் ஒருவருமாக மூன்று நடிகையர் அவராகத் தோன்றுகின்றனர்.

ஜேனட் 1924 இல் டனீடன் நகரில் பிறந்தார். தந்தை இருப்புப்பாதைத் தொழிலாளி. தாய் கவிதை எழுதுபவர். தமையனைக் காக்காய்வலிப்பு வாட்டியது. 1937 இல் மூத்த சகோதரி நீச்சற்குளத்தில் மூழ்கி இறந்தார். பத்தாண்டுகளுக்குப்பின் இளைய சகோதரி ஒருவரும் நீரிலேயே மாண்டார். ஏழைமையும் சாவும் மாறி மாறி வந்த அவ்வீட்டில் குறையாதிருந்தது புத்தகம் ஒன்றுதான்.

ஜேனட் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1945 இல் ஒரு பள்ளியில் வேலைக்கு அமர்ந்தார். ஒருநாள் ஆய்வாளர் வகுப்பிற்கு வந்து அமர்கின்றார். கையில் சுண்ணக்கட்டியுடன் கரும்பலகை முன் நிற்கும் ஜேனட்டுக்குச் சொல் எழவில்லை. பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அவர் விடைபெற்று வெளியேறுகின்றார்; மீண்டும் அவ்வகுப்பிற்குத் திரும்பவே இல்லை.

இக்காட்சியைக் கண்டபோது என் உள்ளங்கை வியர்த்தது. பலர் கூடிய இடத்தில் வாய் திறக்க அஞ்சி, கடைசி வரிசையைத் தேடி அமரும் இயல்பு எனக்கும் உண்டு. 'இவர் வேறு யாருமல்லர், நானே' என்று தோன்றிற்று. நேயர்களுள்ளும் இவ்வாறு எண்ணக்கூடியவர் பலர் இருப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அவர் கதை கூச்சத்தோடு நிற்கவில்லை. தாங்கமுடியாத தனிமையில் அவர் உயிரை வெறுத்ததும், அதனை ஒரு கட்டுரையில் எழுதித் தம் உளவியல் விரிவுரையாளரிடம் கொடுத்ததும், மருத்துவமனைக்கு அனுப்பப்படக் காரணமாயின. அங்கே அவருக்கு 'ஸ்கிசோஃப்ரீனியா', அதாவது மனச்சிதைவு நோய், என்று முடிவு கட்டினர். அடுத்த எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி மனநோய் மருத்துவமனைகளிலேயே கழிந்தது. இருநூறு முறைக்கு மேல் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. முடிவில் 'லூகாடமி' என்னும் மூளை அறுவைக்கும் நாள் குறித்தனர். அக்காலத்தில் அது மதிப்புப் பெற்ற சிகிச்சை. அதனைத் தோற்றுவித்த போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1949 இல் நோபல் பரிசே பெற்றார். ஜேனட்டின் தாயும் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒப்பமிட்டுவிட்டார்.

அந்நிலையில்தான் 'தி லகூன்' என்னும் அவருடைய முதற் சிறுகதைத் தொகுதிக்கு 1952 இன் இறுதியில் ஓர் இலக்கியப் பரிசு கிடைத்தது. மருத்துவமனைத் தலைவர் அச்செய்தியை நாளிதழிற் படித்தார், அறுவையை நிறுத்தினார். ஒரு புத்தகம் தன்னை எழுதியவரின் மூளையைக் கத்தியினின்று காத்தது!

இவ்விடத்தில் நம் மனம் ஒரு தவறான முடிவுக்குத் தாவக்கூடும். 'துன்பமும் மனக்கலக்கமும்தாம் இவரை எழுத்தாளராக்கின. என் மனக்கலக்கமும் என் திறமைக்கு அடையாளமே' என்று எண்ணத் தோன்றும். இதுவே நான் சொல்ல வந்த இடர்.

ஜேனட்டே இப்பொறியை அறிந்து எழுதியிருக்கின்றார். நோயின் பெயர் தமக்குச் சூட்டப்பட்டபின், அந்த விரிவுரையாளரின் கவனம் தம்மீது நிலைத்திருக்கும்பொருட்டு, நூல்களிற் படித்த நோய்க்குறிகளைத் தாமே வருவித்துக் காட்டியதாக ஒளிவின்றிச் சொல்கின்றார். பின்னர் இலண்டன் சென்று, அங்குள்ள மாட்ஸ்லி மருத்துவமனையில் தம்மைச் சோதித்துக்கொண்டார். அவருக்கு அந்நோய் ஒருபோதும் இருந்ததில்லை என்று மருத்துவர்கள் உறுதியாகக் கூறினர். அதைக் கேட்டு அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அல்லவா? அவருக்கோ ஏதோ ஓர் உடைமையை இழந்தது போல் இருந்தது. பல்லாண்டு போர்த்திருந்த போர்வையைப் பிறர் உருவிக்கொண்டால் குளிர் உறைக்கத்தானே செய்யும்? பிறர் கொடுத்த பட்டம், அது பழிப்பட்டமே ஆயினும், நாளடைவில் நம் பெயராகிவிடுகின்றது.

அவ்வாறாயின், அவரிடம் நாம் ஒன்றவேண்டிய இடம் எது? மருத்துவமனையை விட்டு வந்தபின், 1955 இல், ஃப்ராங்க் சார்ஜ்சன் என்னும் மூத்த எழுத்தாளர் தம் தோட்டத்திலிருந்த பழைய இராணுவக் குடிசையை அவருக்கு எழுதும் அறையாகக் கொடுத்தார். உணவும் ஒழுங்கும் கொடுத்தார். எழுத்து வராத காலையிலும், சார்ஜ்சனின் காலடி ஓசை கேட்டால், ஜேனட் தட்டச்சுப் பயிற்சி வாக்கியத்தையே வேகமாகத் தட்டுவாராம்! அந்த நகைப்பிற்கும் நாணத்திற்கும் இடையே, நாள் தவறாமல் உட்கார்ந்து எழுதி அவர் முடித்ததே 'அவ்ல்ஸ் டூ கிரை' என்னும் முதல் நாவல். 1957 இல் வெளிவந்தது. நோயின் பெயர் எழுதாத பக்கங்களை இந்தப் பழக்கம் எழுதிற்று. பின்னாளில் இலண்டனில் ராபர்ட் காலி என்னும் மருத்துவர், அவர் விரும்பியவாறு தனித்து வாழலாம், எழுதலாம் என்று ஊக்கினார். ஜேனட் தம் நூல்கள் பலவற்றை அவருக்கே உரிமையாக்கினார்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதே மருத்துவமனையில் ஜேனட்டுக்கு ஒரு தோழி இருந்தார். அவருக்கும் அதே அறுவை குறிக்கப்பட்டது. அவரிடம் பரிசு பெற்ற புத்தகம் இல்லை, அறுவை நடந்துவிட்டது. அத்தோழியின் துயரத்தை ஜேனட் மறக்கவில்லை. தம் வரலாற்றில் எழுதி வைத்தார். படம் பார்க்கும் நாம் புகழ்பெற்றவரோடுதான் ஒன்றுகின்றோம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளோடு ஒன்றுவார் யார்? பரிசு பெற்றதனால் ஒருவருடைய மூளை காப்பாற்றத்தக்கது என்றால், பரிசு பெறாதவருடைய மூளை காப்பாற்றத்தகாததா? ஜேனட்டின் கதை என்னிடம் விட்டுச் சென்ற கேள்வி இதுதான்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பிலும் கடைசி வரிசையில் பேசாது அமர்ந்திருப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்குப் பெயர் வைத்து நகையாடுவது எளிது. அவரருகே சென்று அமர்வது சிறிது கடினம், ஆயினும் செய்யத்தக்கது. அவ்வாறு அமர்ந்திருப்பவர் நீங்களே ஆயின், உங்கள் துயரை நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவரை நாடவும் தயங்காதீர்கள். ஜேனட்டைச் சிதைத்தவர்களும் மருத்துவர்கள், நிமிர்த்தியவர்களும் மருத்துவர்கள். அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டவர்களே அவரை நிமிர்த்தினார்கள்.

ஜேனட் ஃப்ரேம் 2004 இல், தாம் பிறந்த டனீடன் நகரிலேயே காலமானார். படத்தின் இறுதியில், இரவு நேரத்தில், ஒரு சிறு வண்டி வீட்டினுள் விளக்கொளியில் அவர் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கின்றார். அங்கே அழுகை இல்லை, மருத்துவமனை இல்லை, வேலை நடந்துகொண்டிருக்கின்றது. அந்தக் காட்சியில் அவரோடு ஒன்றிப்போக எனக்குத் தடையேதும் இல்லை.