கொதிக்கும் எஞ்சின்

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்கு மோட்டாரிலேயே சென்று வருவது புணேயில் வாழும் தமிழர் சிலருக்கு வழக்கம். நானும் அவர்களுள் ஒருவன். என் தந்தையார் 1986-இல் வாங்கிய அம்பாஸடர் வண்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. உத்தரபாரா தொழிற்சாலையில் அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும் அதை விற்க மனம் வரவில்லை.

2018 மே மாதத்தில் தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு அவ்வண்டியில் புறப்பட்டேன். சாத்தாராவுக்கு முன்னால் கம்பாட்கி மலைச்சாலை வருகிறது. பாதி ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிற்று. வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடியைத் தூக்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகப் போனேன். பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு குரல் கேட்டது: "சார், கையை எடுங்க! முகம் வெந்துபோகும்!" நாமக்கல்லைச் சேர்ந்த ஓட்டுநர் அவர். அவர் ஒரு நொடி தாமதித்திருந்தால் இன்று நான் உங்களிடம் பேசும் நிலையில் இருந்திரேன்.

காரணம் எளியது. அந்த மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் சாதனம். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியிருந்தால், நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 110 டிகிரி வரை நீராகவே நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் இறங்குகிறது. நீர் ஆவியாகிப் பீறிடுகிறது. ஆகவே முக்கால் மணி நேரமேனும் காத்திருக்க வேண்டும். சூடேறி வறண்ட எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

ஊர் திரும்பியபின் மூன்று பட்டறைகளுக்குப் போனேன். முதல் பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள். இரண்டாவதில் விசிறி பெல்ட்டையும் தண்ணீர் பம்பையும் மாற்றினார்கள். மூன்றாமவர் ஹெட் காஸ்கெட் போய்விட்டது, எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை மிஞ்சியது. அதற்கு இசையுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்து, வண்டி எப்பொழுது கொதிக்கிறது என்ற ஒரே கேள்வியை எழுப்பிக்கொண்டேன். அதை எவரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

நெரிசலில் நிற்கும்போது கொதித்து, ஓடும்போது ஆறினால் காற்று போதவில்லை என்று பொருள். விசிறியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். அம்பாஸடரில் ஒரே பெல்ட்டுதான் விசிறி, பம்பு, மின்னாக்கி மூன்றையும் சுழற்றுகிறது. சூடு ஏறும்போதே மின்னூட்டத்தின் சிவப்பு விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்தது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். என் வண்டியோ நகர நெரிசலில் சாதுவாக நின்றது. நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டுமே கொதித்தது. அப்படியானால் விசிறியில் குற்றமில்லை.

காஸ்கெட் போயிருந்தால் எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் கலந்தாற்போல் வெண்மை தென்படும். ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி கிளப்பினால் ரேடியேட்டர் நீரில் இடைவிடாது குமிழிகள் எழும். இரண்டும் இல்லை. கீழ் ரப்பர்க் குழாய் தளர்ந்திருந்தால் பம்பின் உறிஞ்சலில் தட்டையாகி நீரோட்டத்தை அடைத்துவிடும். அழுத்திப் பார்த்தேன், உறுதியாகவே இருந்தது. எஞ்சியது ரேடியேட்டர். (மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இச்சொல்லுக்குத் தமிழாக்கம் தேடியதுண்டு, பட்டறையில் அது செல்லாக் காசு.) வண்டியை நன்றாகச் சூடேற்றி நிறுத்திவிட்டு, சற்றே ஆறவிட்டு, அதன் முகத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை சூடே இல்லை. அங்கே நீர் ஓடவில்லை!

ரேடியேட்டர் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் மேல்தொட்டியின் பற்றாசை உருக்கிப் பிரித்துக் காட்டினார். குழாய்களின் வாயில் வெண்ணிறக் காரை அடைத்திருந்தது. நம் வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே காரைதான். குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பல ஆண்டுகளாக அதில் ஊற்றியவன் நானே. இப்போது உப்பு நீக்கிய நீரும் கூலண்டும் கலந்துதான் ஊற்றுகிறேன்.

தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் பொருத்தினேன். வெப்ப நாட்டுக்கு அது வேண்டாம் என்று பட்டறைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை. அது இல்லாத எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகும், சிலிண்டரும் தேயும். பொருத்துமுன் நூலில் கட்டிக் கொதிக்கும் பாத்திரத்தில் தொங்கவிட்டேன். அதில் பொறித்திருந்த 82 டிகிரியை ஒட்டி வாய் திறந்தது. சமையலறையில் இதை நடத்தியதற்குக் கிடைத்த ஏச்சு தனிக்கதை.

அடுத்த கோடையில் மீண்டும் கம்பாட்கி ஏறினோம். தாயார் மலையைப் பார்க்கவேயில்லை. பின்னிருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்து, "தம்பி, முள் எங்கே நிற்கிறது?" என்று வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே வந்தார். "நடுவிலேதான் அம்மா" என்றேன்.