விலையுயர்ந்த தூண்டிற்கோல் வாங்கலாமா?
(திரேஸ்புரத்தில் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



உயர்ந்த விலையுள்ள கார்பன் தூண்டிற்கோல் வாங்கச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று உங்களிற் சிலர் என்னை வினவினீர்கள். நான் மெட்ரிகுலேஷன் படித்தவனேயன்றிக் கடல் படித்தவனல்லன். ஆயினும் கடனுக்குச் சிபாரிசு செய்யுமுன் சில கேள்விகள் கேட்பது என் கடமை.

கோல் யாருக்கு வேண்டும்? கரையில் நின்று தூர வீசுபவனுக்கு. மீன் வெட்டியிழுக்கையில் கோல் வளைந்துகொடுத்து நரம்பு அறாமற் காக்கிறது. வள்ளத்திலிருந்து பாரின்மேல் களவாவுக்கும் விளமீனுக்கும் தூண்டில் விடும் உங்களுக்கோ, அவ்வேலையைக் கையே செய்கிறது. கார்பன் கோல் இலேசானதுதான். ஆனால் வள்ளத்தின் விளிம்பில் பலமாக மோதினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து பின்னொருநாள் முறியும். இடிமழையில் மின்சாரத்தையும் கடத்தும். கண்ணாடிநார்க் கோல் சற்றுக் கனமாயினும் அடி தாங்கும், விலையும் குறைவு. கரையில் வீசுபவனுக்கும் அது போதுமென்பது என் அபிப்பிராயம்.

செலவிட வேண்டியது நரம்புக்கும் முள்ளுக்குமே. பாரில் உராய்ந்த நைலான் நரம்பு பெரிய மீனுக்கு நில்லாது. வெயிலிற் கிடந்தாலும் வலுவிழக்கும்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கோல் வாங்கினால், மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டிவரும். நாள்தோறும் அதிற் குறையும் ரூபாயையும் கோலின் விலையோடு கூட்டிப்பாருங்கள். 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதிய நிக்கல்சன் துரையே சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறைக்கும் அடிகோலினார். மீனவன் கடனை அவர் அறிந்திருந்ததில் வியப்பில்லை.

கோல் வேண்டுவோர், சென்ற மாதம் எத்தனை நாள் கரையில் நின்று வீசினீர்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். நரம்பும் முள்ளும் மொத்தமாக வாங்க விரும்புவோர் இன்றே காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.