விமானத்துக்குப் பல் பார்க்க முடியுமா?

கோயம்புத்தூர்ல இருந்து சென்னைக்கோ டெல்லிக்கோ டிக்கெட் போட்டதும், நம்மள்ல நிறைய பேர் இப்போ ஒரு ஆப்பைத் திறந்து பார்க்கிறோம். விமானத்தோட பதிவு எண், மாடல், எத்தனை வருஷப் பழசுன்னு எல்லாமே வந்துடுது. "16 வருஷம்"னு காட்டினா வயித்துல ஒரு கலக்கம். ஏறலாமா, வேண்டாமா? இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல, பழைய விமானங்கள் ஏன் திரும்ப வருது? காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. புது எஞ்சின்கள்ல வந்த கோளாறு! ஏ320 நியோ விமானங்கள்ல இருக்கிற பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பாகங்கள்ல, உலோகத் தூள்ல கலப்படம் இருந்ததுன்னு 2023 ஜூலைல வெளிய வந்தது. அதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் மே மாசம், இதே நிறுவனத்தோட எஞ்சின்களைக் காரணம் சொல்லித்தான் கோ ஃபர்ஸ்ட் மூடிச்சு. 2024 தொடக்கத்துல இண்டிகோவுல மட்டும் 70-க்கு மேல விமானங்கள் தரையில நின்னுச்சு. அந்த இடத்தை நிரப்ப, வெளிநாட்டுல ஓடின பழைய ஏ320-களைக் குத்தகைக்கு எடுத்தாங்க.

சரி, பழசுன்னா என்ன? எங்க காங்கேயத்துல மாமா ஒருத்தர் தேங்காய்க் களம் வெச்சிருக்கார், மாடும் வெச்சிருக்கார். சந்தையில மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்கல்ல, அதைப் பத்திக் கேட்டேன். அவர் சொன்னது: "பல்லு வயசைத்தான் சொல்லும் கண்ணு. எத்தனை பாரம் இழுத்துச்சுன்னு கழுத்தைத் தடவிப் பாத்தாத்தான் தெரியும்." நுகத்தடி பட்ட இடம் காய்ச்சுப் போயிருக்கும், அதைச் சொல்றார்.

விமானத்துக்கும் அப்படி ஒரு கழுத்து உண்டு. அதுக்குப் பேர் சைக்கிள். ஒரு தடவை ஏறி இறங்கினா ஒரு சைக்கிள். மேல போகும்போது வெளியே காத்தழுத்தம் குறையும். நாம மூச்சு விடணும்னு உள்ளே அழுத்தத்தை ஏத்தி வைப்பாங்க. பலூன் மாதிரி உடம்பு லேசா உப்பும், இறங்கும்போது சுருங்கும். கம்பியை வளைச்சு வளைச்சு நிமிர்த்தினா என்ன ஆகும்? அதே களைப்புதான் அலுமினியத்துக்கும் வரும்.

நாம போற ஒற்றை நடைபாதை விமானங்கள், அதாவது ஏ320, போயிங் 737, குட்டிக் குட்டிப் பயணங்களா ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை ஏறி இறங்கும். லண்டன் போற பெரிய விமானம் நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான். அதனால ரெண்டுக்கும் 15 வயசுன்னாலும், கோயம்புத்தூர்–சென்னை ஓடினதோட கழுத்துதான் அதிகமாக் காய்ச்சிருக்கும்.

இதை உலகத்துக்குச் சொன்னது ஹவாய்ல நடந்த ஒரு விபத்து. 1988 ஏப்ரல் 28. அலோஹா ஏர்லைன்ஸோட போயிங் 737-200. 24,000 அடி உயரத்துல பறக்கும்போது முன்பக்கக் கூரை பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சு. விமானப் பணிப்பெண் ஒருத்தர் இறந்தார், மத்த 94 பேரோட விமானிகள் தரை இறக்கினாங்க. அந்த விமானத்துக்கு வயசு 19. ஆனா சைக்கிள் 89,000-க்கு மேல! தீவுக்குத் தீவு, சராசரியா 25 நிமிஷம்கூட இல்லாத பயணங்கள். கடல் உப்புக் காத்து வேற. அதுக்கப்புறம்தான் பழைய விமானங்களை எப்படிச் சோதிக்கணும்னு உலகம் முழுக்க விதிகள் கடுமையாச்சு.

அப்போ புதுசுன்னா பயமில்லையா? நம்ம ஊர் வரலாறைப் பாருங்க. 1973 மே 31, சென்னையில இருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விழுந்தது. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அதுலதான் இறந்தார். அந்த விமானம் வந்து 3 வருஷம்கூட ஆகலை. 1990 பிப்ரவரி 14, பெங்களூர்ல விழுந்த ஏ320 வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, 92 பேர் இறந்தாங்க. 2000 ஜூலைல பாட்னாவுல விழுந்த அலையன்ஸ் ஏர் 737-க்கு 20 வயசு. "ஓட்டை விமானம்"னு நாடே கொதிச்சுது. விசாரணையில வந்தது விமானிகளோட தவறு.

அதே இந்தியன் ஏர்லைன்ஸ் 1989-ல இருந்து வாங்கின ஏ320-கள்ல ஒரு விசேஷம் இருந்தது. நம்ம ஓடுபாதைகளுக்காக, ஒவ்வொரு பக்கமும் 2 சக்கரத்துக்குப் பதிலா 4 சக்கரம். அதுல சிலது 25 வருஷத்துக்கு மேல ஓடிட்டு, ஒழுங்கா ஓய்வு வாங்கிப் போச்சு.

இன்னொண்ணு. எஞ்சின் போடும்போது காலுக்குக் கீழே நாய் குரைக்கிற மாதிரி, ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் வருமே, அது விமானம் பழசானதால இல்லைங்க. ஹைட்ராலிக் அழுத்தத்தை ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாத்துற கருவி அது. புது ஏ320-லயும் குரைக்கும். கிழிஞ்ச சீட்டு, வேலை செய்யாத சார்ஜர் இதெல்லாம் கம்பெனியோட கஞ்சத்தனத்தைக் காட்டலாம், இறக்கையோட நிலைமையைக் காட்டாது.

இறக்கையோட நிலைமை தெரியறது பெரிய பராமரிப்புல. 6 வருஷம், 12 வருஷம்னு வரும்போது சீட்டு, தரை, உள் பலகை எல்லாத்தையும் கழட்டி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட மின்கருவி வெச்சுத் தேடுவாங்க. இத்தனை சைக்கிளுக்கு மேல பறக்கக் கூடாதுன்னு வரம்பும் உண்டு.

அப்போ என் பதில்? ஏறுங்க. என் அம்மாவையும் ஏத்தி விடுவேன். ஆனா கவலைப்பட வேண்டிய இடம் வேற. இந்தச் சோதனை எல்லாம் நடந்துதான்னு பார்க்க வேண்டியது டிஜிசிஏ. அங்கே கிட்டத்தட்டப் பாதிப் பணியிடங்கள் காலியா இருக்குன்னு நாடாளுமன்ற நிலைக்குழு 2025-ல சொல்லுச்சு. கழுத்தைத் தடவிப் பார்க்க ஆள் இல்லைன்னா, இளங்கன்னும் ஒண்ணுதான், கிழட்டுக் காளையும் ஒண்ணுதான். ஆப்ல வயசு பார்க்கிற நேரத்துல பாதியை, அந்த வேலைக்கு எப்போ ஆள் போடுவீங்கன்னு நம்ம எம்.பி.கிட்ட கேட்கச் செலவு பண்ணலாம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாமுங்க.