பாட்டில் சொல்லுக்கு என்ன இடம்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் எமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



எமது வகுப்பின் சார்பில் பேசும்படி சங்கத்தினர் கேட்டபோது, சங்கீத அறையைப் பற்றியே பேசுவோம் என்று முடிவு செய்தோம். அங்கே தொடங்கிய ஒரு வாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. ஒரு பாட்டை ரசிக்க அதன் பொருள் தெரியத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்றே அப்போது சொன்னோம். இலங்கை வானொலியில் ஹிந்திப் பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். ஒரு சொல்லும் விளங்காது. மெட்டு மட்டும் மனப்பாடம். சிங்களம் தெரியாமலே 'சுராங்கனி'யைக் கைதட்டிப் பாடினோம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்காகத் தியாகராஜ சுவாமிகளின் தெலுங்குக் கீர்த்தனைகளைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினோம், சித்தியும் அடைந்தோம். திருவிழாவில் விடிய விடியக் கேட்ட நாதஸ்வரத்திலும் தவிலிலும் சொல்லே இல்லையே!

எங்கள் சங்கீத டீச்சர் இதற்குக் கோபிக்கவில்லை. "ஒரு கச்சேரியை எடுத்துப் பாருங்கோ பிள்ளைகள்" என்றார். இராக ஆலாபனையில் சொல் இல்லை. கீர்த்தனையில் சொல் வருகிறது. நிரவலில் ஒரே வரியை எடுத்து விதம் விதமாக விரித்துப் பாடுகிறோம். கற்பனாசுரத்தில் மறுபடியும் சொல் இல்லை. சொல் தேவைப்படாத இடமும் உண்டு, அது இல்லாமல் முடியாத இடமும் உண்டு என்பதே அவருடைய பாடம்.

அதை மறுவாரமே கண்டோம். எங்களில் ஒருத்தி நிரவல் பாடுகையில் 'தாமரை' என்ற சொல்லில் 'தா' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'மரை' என்று தொடங்கினாள். தாமரை போய்க் காட்டு மரை வந்து நின்றது! சிரித்து முடிந்ததும் டீச்சர் சொன்னார்: "பொருள் தெரிஞ்சால்தான் எங்கே மூச்சு விடுறது எண்டு தெரியும்."

விளங்கும் மொழியில் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆவலில் பிறந்ததுதான் 1943இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம். இசைக்கு மொழி தடையில்லை என்று மறுத்தவர்களும் அன்று இருந்தார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டென்றே நினைக்கிறோம். ஆனால் தமிழ் எங்கள் தாய்மொழியாய் இருந்தும், தமிழ்ப் பாட்டைக்கூட நாங்கள் கவனித்துப் பாடினோமா?

காலைப் பிரார்த்தனையில் தேவாரத்தை வாய்ப்பாடு போலத்தான் ஒப்புவித்தோம். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து, எங்களில் சிலர் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தோம். ஓரிரவு, வயிற்று நோவால் துடித்த ஓர் அம்மா, திருவதிகையில் அப்பர் சூலைநோய் தீரப் பாடிய பதிகத்தை மெல்லப் பாடினார். நாங்களும் சேர்ந்து பாடினோம். ஒரு சொல்லும் தவறவில்லை. அது ஒரு நோயாளியின் முறையீடு என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இருபது வருடமாக அந்தச் சொற்களைச் சிந்தாமல் வைத்திருந்தது மெட்டுத்தான். அந்த இரவில் எங்களைத் தேற்றியதோ சொல். அதற்குப் பிறகு, எது பெரிது என்று நாங்கள் வாதிடுவது குறைந்துவிட்டது.

சகோதரிகளே, எமது பாடசாலைக் கீதத்தை இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் எங்கள் பேரப்பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். மெட்டுப் பிழைப்பதில்லை. சொற்கள் அவர்களுக்குத் தெலுங்குக் கீர்த்தனை மாதிரி! நாங்கள் கொப்பியில் எழுதியது போலவே அவர்களும் தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். அதில் குறை காண எமக்கு உரிமையில்லை. முதலில் மெட்டு உள்ளே போகட்டும். ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, கீதத்தை வரி வரியாகப் பொருள் சொல்லிக் கொடுங்கள். இன்று அவர்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். தேவைப்படும் நாளில் நாங்கள் பக்கத்தில் இருக்கமாட்டோம், பாட்டு இருக்கும்.