முதல் டிகாஷன் யாருக்கு?

(நம் குடியிருப்பு மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். மேடையில் பேசிப் பழக்கமில்லை. போன மாதம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி விஷயமாக நம் கமிட்டி என் வீட்டில் கூடியது. எல்லோருக்கும் நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் செயலாளர், "சார், இதை எப்படிப் போட்டீங்கன்னு அடுத்த சந்திப்புல சொல்லியே ஆகணும்" என்றார். தண்ணீர்த் தொட்டி இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. காபி மட்டும் தீர்மானமாக நிறைவேறிவிட்டது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் காபிக்குப் பிறந்தவன் இல்லை. நம் வியாசர்பாடி டீ குடிக்கிற ஊர். என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால் டீக்கடை பெஞ்சு நிறைந்துவிடும். எங்கள் வீட்டில் காபி என்றால் ஒன்று விருந்தாளிக்கு, இல்லையென்றால் காய்ச்சல்காரருக்கு. யாராவது வந்தால் என்னைக் கடைக்கு விரட்டி 50 கிராம் பொட்டலம் வாங்கி வரச் சொல்வார்கள். வங்கி வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆன பிறகுதான் தினமும் காபி என்று ஆனது. அதையும் நான் போடவில்லை. பேப்பர் ஒரு கையில், டம்ளர் ஒரு கையில் என்று முப்பத்து நாலு வருடம் ஓடிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் மாடிப்படி ஈரத்தில் என் மனைவி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் சமையலறையில் நின்றேன். பில்டரில் இரண்டு ஸ்பூன் பொடி போட்டு, குடையை வைத்து, பலம்கொண்ட மட்டும் அமுக்கி, வெந்நீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கோபத்தில் குடையை எடுத்துவிட்டுக் கலக்கினேன். மொத்தமும் கலங்கலாகக் கீழே இறங்கிவிட்டது. அதில் பாலை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க, நாளைக்கு டீயே போட்டுடுங்க" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணக்கு இடித்தால் வவுச்சரை எடுத்துப் பார்ப்பதுதானே நம் பழக்கம்? பொடிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: காபி 53 சதவீதம், சிக்கரி 47 சதவீதம். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் லெட்ஜரில் பைசா பைசாவாகச் சரிபார்த்தவன், என் வீட்டுப் பாக்கெட்டை ஒருநாளும் படித்ததில்லை.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. காபி-சிக்கரி கலவை என்று விற்றால் அதில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. அவர்கள் அச்சிட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வேரைக் காயவைத்து, வறுத்து அரைக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கொழகொழப்பும் லேசான கசப்பும் தரும். நெப்போலியன் காலத்தில் ஐரோப்பாவில் காபி வரத்து நின்றபோது இந்த வேரைக் கலந்து குடிக்கும் பழக்கம் பரவியது. சிக்கரி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் இருந்தால் டிகாஷன் திடமாக இருக்கும், நம் நாக்குக்கும் அது பழகிவிட்டது. ஆனால் எவ்வளவு என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். எல்லாம் உதாரணத் தொகைதான். 53-47 கலவை கிலோ 500 ரூபாய், சிக்கரி மட்டும் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிலோவில் 470 கிராம் சிக்கரி. அதன் விலை சுமார் 70 ரூபாய். மீதி 430 ரூபாய் 530 கிராம் காபிக்கு. அப்படியானால் காபிக்கு நாம் கொடுப்பது கிலோவுக்கு 810 ரூபாய். மலிவு என்று வாங்கியது அவ்வளவு மலிவில்லை. உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சில்லறையில் வாங்கும் பொடி மேல் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடி தூவுங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடியில் நிறத்தை விட்டுக்கொண்டே கீழே இறங்கும். பேத்தி பேரன் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது கொட்டை. வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் பலகையில் பிளாண்டேஷன் ஏ, பீபெர்ரி, ரொபஸ்டா செர்ரி என்று எழுதியிருப்பார்கள். நான் அவற்றை ஊர்ப் பெயர் என்று நினைத்திருந்தேன். பழத்தின் தோலைச் சதையோடு நீக்கி, தண்ணீரில் கழுவிக் காயவைத்த அரபிகாவுக்கு நம் நாட்டு வியாபாரத்தில் பிளாண்டேஷன் என்று பெயர். ஏ, பி, சி என்பது கொட்டையின் பருமன். பழத்தை முழுசாகவே காயவைத்து எடுத்தால் அது செர்ரி. காபிப் பழத்துக்குள் பொதுவாக இரண்டு கொட்டை தட்டையாக ஒட்டியிருக்கும். சிலதில் ஒன்றே ஒன்று உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெர்ரி. அரபிகாவில் மணம் அதிகம். ரொபஸ்டாவில் கசப்பும் திடமும் அதிகம், கஃபீனும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவு தூக்கம் வராதவர்கள் இதைக் கவனியுங்கள். நான் இப்போது வாங்குவது பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெர்ரி பாதி, சிக்கரி 20 சதவீதம். இருநூறு கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. அரைத்த பொடி நாளாக நாளாக மணம் போகும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காசிமேட்டு வஞ்சிரம் இருக்கிற ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்.

நம் இளைஞர்கள் இப்போது தோட்டத்தின் பெயர் போட்ட கொட்டைகளை ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். இது நம் காலத்தில் முடியாத காரியம். அப்போது தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாத் தோட்டத்துக் காபியும் ஒன்றாகச் சேர்ந்து ஏலத்துக்குப் போகும். 1990-களில் அது படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் முழுமையாக நீங்கியது. அதற்குப் பிறகுதான் ஒரு தோட்டம் தன் கொட்டையைத் தன் பெயரிலேயே விற்க வழி பிறந்தது. சிக்மகளூர், கூர்க் மட்டுமில்லை. நம் ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, நீலகிரியிலும் காபி விளைகிறது. ஏற்காட்டுக்குப் பலமுறை போய், போட்டில் சுற்றிவிட்டு வந்தவன் நான். பாதையோரம் நின்றது காபிச் செடி என்று அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாடித் தம்பி ஒருவர் ஐ.டி.யில் இருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டு, கூம்பு மாதிரி ஒரு பாத்திரத்தில் காகிதம் வைத்து, தராசில் எடை பார்த்து, மெல்ல வெந்நீர் ஊற்றி ஒரு காபி கொடுத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாய் புளித்தது. "அங்கிள், ஆறவிட்டுக் குடிங்க" என்றார். ஆறிய பிறகு ஏதோ பழ வாசனை வந்தது. இளவறுவல் என்பதால் அப்படி இருக்குமாம். எனக்கு அது தினசரிக்கு ஆகாது. ஆனால் காபி ஒரு பழத்தின் விதை என்பது அன்றைக்குத்தான் நாக்குக்குப் புரிந்தது.

அந்தக் காகித வடிகட்டியின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1908-ல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி, காபியில் கசடு வருவது பொறுக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை அதில் வைத்து வடிகட்டினார். அதற்கு உரிமமும் வாங்கிக் கம்பெனியும் தொடங்கினார். நாங்களும் வங்கியில் வருடக்கணக்காக மை ஒற்றும் தாள் வைத்திருந்தோம். கையெழுத்தை ஒற்றியதோடு சரி.

அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் 1933-ல் இத்தாலியில் வந்தது. ஐந்து நிமிடத்தில் திடமான டிகாஷன் தரும். அவசரமாக வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு நல்லது. பிரெஞ்சு பிரஸ்ஸில் கரகரப்பாக அரைத்த பொடியை வெந்நீரில் நாலு நிமிடம் ஊறவைத்து அமுக்க வேண்டும். பால் கலக்காமல் குடிப்பவர்களுக்கு ஏற்றது. பால் காபி குடிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வீட்டிலிருக்கும் பில்டரே போதும். அளவுதான் முக்கியம்.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பொடி 20 கிராம், அதாவது குவித்து மூன்று ஸ்பூன். பில்டர் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பொடியைத் தட்டிச் சமப்படுத்தி, குடையை அதன் மேல் சும்மா வையுங்கள், அமுக்க வேண்டாம். தண்ணீர் 120 மில்லி, நன்றாகக் கொதித்து இறக்கியது. முதலில் பொடி நனையும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி அரை நிமிடம் பொறுங்கள். பிறகு மீதியைச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். இருபது நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். ஆக 40 மில்லி போக 80 மில்லி டிகாஷன் கிடைக்கும். டம்ளருக்கு 40 மில்லி டிகாஷன், அப்போது காய்ச்சிய பால் 100 மில்லி. டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுடவைக்காதீர்கள். ஆறிவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். ஓட்டை அடைத்துக்கொண்டால், எவர்சில்வர் பில்டராக இருந்தால் மேல் பாத்திரத்தைத் தீயில் காட்டித் தட்டினால் திறந்துகொள்ளும்.

இந்த அளவு பிடிபட்ட பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயம் எனக்கே தெரிந்தது. எங்கள் பில்டர் இரண்டு பேர் பில்டர். வீட்டில் நானும் மனைவியும் மகனும் மூன்று பேர். 80 மில்லியை எப்படிப் பிரித்தாலும் மூன்று டம்ளர் வரவில்லை. இத்தனை வருடம் எப்படி வந்தது? போய்க் கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் முதல் டிகாஷன். அப்புறம் அதுலயே இன்னொரு தடவ தண்ணி ஊத்துவேன், அது எனக்கு" என்றார். எத்தனை வருஷமா என்று கேட்டேன். "புள்ள காபி குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து. எனக்கு அது பழகிடுச்சுங்க" என்றார்.

கணக்குப் போட்டேன். பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடமும் அதே வீட்டில், அதே மேஜையில், எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தவன் நான். அவர் டம்ளரில் இருப்பதன் நிறத்தைக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

இதற்குத் தீர்வு முப்பதாயிரம் ரூபாய் மெஷின் இல்லை. அன்று சாயங்காலமே பெரம்பூர் பாத்திரக் கடையில் ஒரு சைஸ் பெரிய பில்டர் வாங்கினேன். பொடி 30 கிராம், தண்ணீர் 180 மில்லி. மூன்று டம்ளருக்கும் முதல் டிகாஷன். பொடிச் செலவு மாதத்துக்குக் கொஞ்சம் கூடியது. வீட்டுக் கணக்கு நோட்டில் அதைச் செலவு என்றுதான் எழுதுகிறேன், ஆனால் எழுதும்போது வருத்தமில்லை.

அவர் கை இப்போது குணமாகிவிட்டது. ஆனாலும் காலைக் காபி என் பொறுப்பு. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டோடு சேர்த்துக் காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. எங்கள் வீட்டில் இட்லிக்கு முன்னாலேயே காபி முடிந்துவிடுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பொடிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். நாளைக் காலையில் உங்கள் வீட்டில் காபி போடுகிறவரின் டம்ளரை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். உங்கள் டம்ளரின் நிறம் அதில் இல்லையென்றால், எந்தக் கடையில் பில்டர் வாங்கலாம் என்று என்னைக் கேளுங்கள், கூடவே வருகிறேன்.

கூட்டம் முடிந்ததும் யாரும் போய்விடாதீர்கள். இன்றைக்கு நாற்பது பேருக்கு டிகாஷன் இறக்கி வைத்திருக்கிறேன். எல்லாம் முதல் டிகாஷன்தான்.