ஓட்டமும் ஓலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சமயச் சொற்பொழிவுகளுக்கு இடையே எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கி, "விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசு, தம்பி" என்று செயலாளர் பணித்தார். மிஷன் பள்ளியில் படித்தவன் தேவாரத்தில் தடுமாறிவிடுவான் என்று அவர் அஞ்சியிருக்கலாம், அஞ்சியதில் தவறுமில்லை. ஆகவே ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் பிள்ளையாரைத் தொட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நாம் சிறு வயதில் கேள்விப்பட்ட முதல் பந்தயம் மாம்பழத்துக்காக நடந்தது அல்லவா? உலகைச் சுற்றிய தம்பி தோற்றார். தாய் தந்தையரைச் சுற்றிய தமையனார் வென்றார். அந்தக் கதை என் பேச்சில் இன்னொரு முறை வரும்.

விடுமுறைக்குச் சர்வகலாசாலையிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம், லிந்துலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நாங்கள் நான்கு நண்பர்கள் கூடுவது வழக்கம். ஒருவன் விஞ்ஞானம் படிப்பவன். ஒருவன் தோட்டப் பள்ளியில் ஆசிரியன். மற்றவன் கொழும்பில் புடைவைக் கடையில் நின்று, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருபவன். மற்ற இடங்களில் வாலிபர் கிரிக்கெட் பேசுவார்கள். நாங்களும் பேசுவோம். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் பேச்சு எப்படியோ ஓட்டக்காரர் பக்கம் திரும்பிவிடும். லிந்துலையில் மழை பிடிக்காத நாள் எத்தனை!

சென்ற விடுமுறையில், உலகிலேயே பெரிய ஓட்டக்காரர் யார் என்று வாதம் எழுந்தது. "உசேன் போல்ட்! 2009இல் பெர்லினில் நூறு மீற்றரை 9.58 செக்கனில் ஓடியவன். இதற்கு மேல் என்ன பேச்சு?" என்றான் கொழும்பு நண்பன். ஆசிரிய நண்பன் சம்மதிக்கவில்லை. செக்கோஸ்லவாக்கியாவின் எமில் சட்டோபெக் 1952இல் ஹெல்சிங்கியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் இரண்டிலும் வென்றபின், அதுவரை ஒருமுறைகூட ஓடியிராத மரதன் ஓட்டத்திலும் இறங்கி, அதிலும் தங்கம் பெற்றார். அந்தத் துணிச்சலுக்கு ஈடில்லை என்பது அவன் கட்சி.

என் கட்சி அபேபே பிகிலா. எத்தியோப்பிய அரசரின் மெய்க்காவல் படையில் சேவகம் செய்தவர். 1960இல் ரோம் நகரின் கல் பாவிய வீதிகளில் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிஷம் 16 செக்கனில் மரதனை ஓடி முடித்தார். கறுப்பு ஆபிரிக்காவிலிருந்து ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் மனிதர் அவரே. இதை நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கொழும்பு நண்பன் குறுக்கிட்டான்: "மச்சான், எங்கள் அப்பாயி நாற்பது வருஷம் வெறுங்காலோடு கூடையும் சுமந்து மலை ஏறினாள். அட்டைக் கடி வேறு. அவளுக்குப் பதக்கம் யார் கொடுத்தார்கள்?" எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

பேச்சு இலங்கைக்கு வந்தது. 1948 ஜூலை 31ஆம் நாள் இலண்டனில் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் டங்கன் வைட் 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தார். கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர். இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் அவர் தந்தது. அடுத்த பதக்கத்துக்கு 52 வருஷம் காத்திருந்தோம். 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். முதலில் வந்த அமெரிக்கப் பெண் மரியன் ஜோன்ஸ் ஊக்க மருந்து உண்டதை 2007இல் ஒப்புக்கொண்டாள். ஆயினும் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009இல்தான். ஓடியது அரை நிமிஷத்துக்கும் குறைவு. கடுதாசி வந்து சேர ஒன்பது வருஷம்! பின்னர் 2022இல் யுப்புன் அபேகோன் நூறு மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார். தெற்காசியாவில் பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்.

விஞ்ஞான நண்பன் அதுவரை தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தான். "இவர்கள் எல்லோரும் குறுந்தூரக்காரர்கள். நெடுந்தூரத்துக்கு மலைநாடு அல்லவா பொருத்தம்?" என்று தொடங்கினான். உயர்ந்த இடத்தில் காற்று இலேசானது; பிராணவாயு குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு செங்குருதித் துணிக்கைகளை அதிகம் உண்டாக்குகிறது. கென்யாவிலே ஈட்டன் என்ற ஊர் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரம். உலகத்து வீரர்கள் அங்கேதான் பயிற்சிக்குப் போகிறார்கள். நம் நுவரெலியா 1,868 மீற்றர். லிந்துலை அதைவிடத் தாழ்வுதான். ஆனாலும் கொழும்போடு ஒப்பிட்டால் வானத்தில் அல்லவா இருக்கிறோம்?

ஈட்டனைப் பற்றி எனக்கும் ஒன்று தெரியும். ஐயர்லாந்து நாட்டு மிஷன் சகோதரர் கோம் ஓ'கொனெல் என்பவர் 1976இல் அங்குள்ள புனித பற்றிக் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்க வந்தார். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. பிள்ளைகள் ஓடுவதைக் கவனித்தார், கவனித்தே கற்றார். 2012இல் இலண்டனில் 800 மீற்றரை 1 நிமிஷம் 40.91 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவரிடம் பயின்றவர். மலை மட்டும் போதாது. மலையில் ஓடும் பிள்ளையை நின்று பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

"அப்படியானால் இருநூறு வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்கும் நம்மிடமிருந்து ஏன் ஒரு பிகிலா வரவில்லை?" என்று ஆசிரிய நண்பன் கேட்டான். "நாம் பிள்ளையார் கட்சி. பெற்றோரைச் சுற்றி வந்ததோடு சரி" என்றான் கொழும்பு நண்பன். மறுபடியும் சிரிப்பு.

அப்போதுதான் கடைக்காரர் பேசினார். அறுபதைக் கடந்தவர். எங்கள் வாதங்களை வருஷக்கணக்காகக் கேட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "முருகனுக்கு மயிலு இருந்துச்சு தம்பி. எங்களுக்குக் காயிதமே இல்லையே" என்றார்.

பதினெட்டு வயதில் அவர் 5,000 மீற்றர் ஓட்டக்காரராம். எங்களுக்கு அன்றுவரை தெரியாது. விடியற்காலையில் பெரட்டுக்கு முன்னே தேயிலை மலை ரோட்டில் ஓடிவிட்டு, பிறகு கவ்வாத்து வெட்டப் போவார். வெளிநாடு செல்லும் அணியைத் தெரிவு செய்யும் ஓட்டத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கூடவே ஒரு படிவம். பெயர், வயது எல்லாம் எழுதினார். அடுத்து பிரஜாவுரிமைப் பத்திரத்தின் இலக்கம். அவர் தகப்பனாரின் விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்த காலம் அது. "அந்த எடத்துல ஒரு கோடு போட்டு அனுப்புனேன். பதிலே வரல. ரெண்டு மாசம் தபாற்காரரப் பாத்துக்கிட்டே நின்னேன், அப்புறம் விட்டுட்டேன்."

யாரும் பேசவில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

வீடு திரும்பி, பழைய வருஷங்களை எண்ணிப் பார்த்தேன். டங்கன் வைட் வெள்ளி வென்ற அதே 1948இல்தான், நவம்பர் 15ஆம் நாள், பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து நம்மவர் இலட்சக்கணக்கில் நாடற்றவரானார்கள். அவருடைய வெற்றிக்காகத் தோட்டத்திலும் யாரேனும் கை தட்டியிருப்பார்கள். அந்தக் கை எந்த நாட்டுக் கை என்று நாலு மாதத்துக்குள் கேட்டுவிட்டார்கள். 1964 அக்டோபர் 21ஆம் நாள் டோக்கியோவில் பிகிலா இரண்டாம் முறையும் மரதனில் வென்றார், இம்முறை சப்பாத்தோடு. சரியாக ஒன்பது நாள் கழித்து, 30ஆம் நாள், டெல்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். கொழுந்தைக்கூட இதைவிடக் கவனமாக நிறுப்பார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் உரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அப்போது நம் கடைக்காரருக்கு ஓடும் வயது கடந்துவிட்டது.

இன்று நமக்குக் கடுதாசி உண்டு. ஹட்டன் பக்கத்திலிருந்து குமார் சண்முகேஸ்வரன் இராணுவ அணிக்காக ஓடி, நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய அளவில் வென்றிருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் கடைக்காரர் முகம் மலர்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள்? சரிவாய் இல்லாத மைதானத்தைத் தோட்டத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். சப்பாத்து இல்லை, முட்டையும் பாலும் பல வீடுகளில் விசேஷ நாளுக்கு உரியவை.

இதைச் சொல்லத்தான் இந்த மேடையை வாங்கினேன். சென்ற மாதம் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ரோட்டில் ஓடுகிறார்கள். ஆசிரிய நண்பன் கூட ஓடுகிறான், பாதியில் நின்றுவிடுகிறான். கடைக்காரர் கடையைத் திறக்கத் தாமதித்து, கையில் கடிகாரத்தோடு பாலத்தடியில் நிற்கிறார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நேரமும் ஒரு பழைய கடன் கொப்பியில் எழுதப்படுகின்றன. சென்ற ஞாயிறு ஒரு சிறுமி, முன்வாரத்தைவிடப் பதினொரு செக்கன் குறைத்து ஓடினாள். அவர் நம்பாமல் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

சங்கத்தார் பத்துச் சோடி சப்பாத்துக்கு வழி செய்தால், அளவுகளும் அந்தக் கொப்பியிலேயே உள்ளன.